தலைமாட்டில் ஒரு தபால் கட்டு

கடைப் பையன் கேமராவில்தான் ஆரம்பித்தான். "நூத்தியெட்டு மெகாபிக்சல் அண்ணாச்சி, நிலாவையே எடுக்கலாம்." நிலாவை எடுத்து நான் என்ன செய்யப் போகிறேன் என்று மனதில் ஓடியது, சொல்லவில்லை. கேம் ஆடுவீர்களா என்று அடுத்துக் கேட்டான். இல்லை என்றதும் என் மேல் இருந்த அக்கறை பாதியாகக் குறைந்தது. எனக்கு வேண்டியதைச் சொன்னேன்: "ஆபீஸ் மெயில் ஒண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா ரெண்டு மணிக்கே சத்தம் கேக்கணும். மத்த மெயிலெல்லாம் விடியுற வரைக்கும் மூச்சு விடக் கூடாது." பையன் சற்று யோசித்தான். "எல்லா போன்லயும் மெயில் வரும் அண்ணாச்சி" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. எல்லா போனிலும் எல்லா மெயிலும் வருவதுதான் என் சங்கடமே.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு காகிதம் உண்டு, நோட்டீஸ் ஆஃப் ரெடினெஸ். கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது, சரக்கை இறக்கவோ ஏற்றவோ எல்லா வகையிலும் தயார் என்று கேப்டன் கொடுக்கும் அறிவிப்பு. சரக்கு இறக்குவதற்கு என்று ஒப்பந்தத்தில் ஒதுக்கிய காலம், இந்த அறிவிப்பை ஒட்டித்தான் ஓடத் தொடங்கும். ஒதுக்கிய காலம் தாண்டினால் டெமரேஜ், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர். ஆகவே அந்தக் காகிதத்தில் தேதியைவிட மணியும் நிமிடமும் முக்கியம். இப்போது அது காகிதமாக வருவது குறைவு. நிலக்கரிக் கப்பல் ஒன்று நள்ளிரவில் நங்கூரம் போட்டால், நள்ளிரவிலேயே கேப்டன் மெயில் அனுப்பிவிடுவார். அவருக்கு அது பணி நேரம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் மின்னஞ்சல் இருந்தது. ஆனால் அது அலுவலகத்தில் இருந்தது. மேசை மேல் பெரிய திரை, அதன் முன்னால் போய் உட்கார்ந்து திறந்தால்தான் மெயில். கப்பல் வரும் இரவுகளில் ஒருவர் அலுவலகத்திலேயே பாய் விரித்துப் படுப்பார். 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்ப @ குறியை நடுவில் போட்டபோது, அதன் பொருளே 'இன்னாருக்கு, இன்ன கணினியில்' என்பதுதான். ஆள் ஒருபக்கம், இடம் ஒருபக்கம். அந்த இடத்துக்கு நாம் போனால்தான் கடிதம். குறி அப்படியே இருக்கிறது, இடம்தான் ஆளோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்துவிட்டது.

நடக்க ஆரம்பித்ததை நான் கண்ணால் பார்த்தது எங்கள் மேலாளரின் பிளாக்பெர்ரியில். கனடாவின் வாட்டர்லூவில் ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999இல் கொண்டுவந்த சின்னப் பேஜர் ஒன்றிலிருந்து வளர்ந்த வம்சம் அது. மெயிலைப் போய்ப் பார்க்கும் வழக்கத்தை மாற்றி, மெயிலே ஆளைத் தேடி வரும்படி செய்தது. புதிதாக ஏதாவது வந்தால் மேல் மூலையில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுங்கும். மேலாளர் டீ குடித்துக்கொண்டிருப்பார், பேசிக்கொண்டிருப்பார், கண் மட்டும் அந்த மூலைக்குப் போய்ப் போய் வரும். எங்களுக்கெல்லாம் அப்போது அது பதவியின் அடையாளம். அந்த விளக்கு நமக்கும் எப்போது மினுங்கும் என்று ஏங்கினோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. அந்தப் பழைய பிளாக்பெர்ரிகளுக்கான சேவையை 2022 ஜனவரி 4ஆம் தேதி நிறுத்தினார்கள். செய்தியைப் படித்தபோது மேலாளரின் கண் ஞாபகம் வந்தது.

என் அப்பா தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து உதவியாளராக ஓய்வு பெற்றவர். மதராஸ் மாகாணத்திலிருந்து தொடர்ந்து வந்த டாட்டன்ஹாம் முறைதான் அவருடைய உலகம். வந்த தபால் ஒவ்வொன்றுக்கும் எண் போடுவார்கள், பகிர்மானப் பதிவேட்டில் ஏற்றுவார்கள், உரிய எழுத்தர் வாங்கிக்கொண்டு தன்பதிவேட்டில் ஏற்றுவார். பதிவாகும் வரை அந்தத் தபாலுக்கு யாரும் பொறுப்பில்லை, பதிவான பிறகு பொறுப்பிலிருந்து தப்பிக்கவும் முடியாது. சாயங்காலம் தபால் பிரிவின் அலமாரியைப் பூட்டினால், இரவில் கலெக்டர் ஆபீஸிலிருந்து என்ன புறப்பட்டாலும் அது மறுநாள் தபால்.

இந்த இடத்தில் 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் நான் அந்த வீட்டில் வளர்ந்தவன். ஜமாபந்தி நெருங்கினால் அப்பா கோப்புகளைச் சிவப்புத் துணியில் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். பத்து மணி, பதினோரு மணி வரை கூடத்தில் முட்டை பல்பின் கீழ் எழுதிக்கொண்டிருப்பார். அம்மாவுக்குக் கோபம் வரும். "கட்டைக் கொண்டாந்துட்டீகளா" என்பாள், வேண்டாத விருந்தாளியைப் பற்றிக் கேட்கிற குரலில். ஆக, ஆபீஸ் அன்றும் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. வித்தியாசம் எங்கே என்று ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை.

கட்டு கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். பெஞ்சு மேல் அது உட்கார்ந்திருந்தால் அப்பாவிடம் போய்க் கணக்குச் சொல்லிக் கொடுக்கக் கேட்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். துணியை இழுத்து முடிச்சுப் போடும் சத்தம் கேட்டால் போகலாம். அம்மா சண்டை போடுவதற்கும் கண் முன்னால் ஒரு பொருள் இருந்தது.

என் கையில் இருப்பது ஒரே கண்ணாடிச் சில்லு. சர்வேயர் அனுப்பிய அறிக்கையைப் படிக்கும்போதும், பனிமய மாதா திருவிழாவுக்குச் சப்பரம் கிளம்பிய வீடியோவைப் பார்க்கும்போதும், கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும்போதும் என் முகம் ஒன்றுதான், குனிந்த தலை ஒன்றுதான். மனைவி கேட்பாள்: "ஆபீஸா, சும்மாவா?" ஆபீஸ் என்றால் விலகிப் போவாள், சும்மா என்றால் பேச உட்காருவாள். நாளடைவில் கேள்வியும் சுருங்கி "ஆபீஸா?" என்று மட்டும் ஆனது. பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டாள். பதில் எப்படியும் "ஆமா" என்று தெரிந்துவிட்டதாலா, அல்லது பல நேரம் அந்த "ஆமா" பொய் என்று கண்டுபிடித்துவிட்டதாலா, நான் கேட்கவில்லை.

புதுப் போன் வாங்கப் போனதற்கு இது காரணம் என்று சொன்னால் அழகாக இருக்கும். நிஜமான காரணம் ஒரு டெமரேஜ் தகராறு.

அப்போது நான் வைத்திருந்த போனில் அலுவலக மெயிலுக்கு என்று தனிச் செயலி ஒன்று போட்டிருந்தேன். பகலில் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் இரவு ஒன்று ஐம்பதுக்கு ஒரு கேப்டன் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நான் காலை ஆறு இருபதுக்கு போனைக் கையில் எடுத்ததும் டிங் என்று அடித்தது. எடுத்த பிறகுதான் அடித்தது. சரக்குக்காரருக்கு அதை உடனே அனுப்பி வைக்க வேண்டியவன் நான். நாலரை மணி நேரத்தை யார் தலையில் எழுதுவது என்று மூன்று வாரம் மெயிலில் சண்டை நடந்தது. அந்த மெயில்களெல்லாம் தாமதமில்லாமல் வந்தன.

என்ன ஆயிற்று என்று பிறகு தெரிந்துகொண்டேன். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு ஆறாம் பதிப்பிலிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. சார்ஜரில் போடாத போன், திரை அணைந்து, அசையாமல் கொஞ்ச நேரம் கிடந்தால், அது தூக்கத்துக்குப் போய்விடும். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக. செயலிகள் நினைத்த நேரத்தில் இணையத்தைத் தொட முடியாது, இடையிடையே போன் கண் விழிக்கும் சில நிமிடங்களில்தான் தங்கள் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். இரவு ஆக ஆக அந்தக் கண் விழிப்புகளின் இடைவெளியும் கூடும். உடனடிச் செய்தி என்று முத்திரை குத்தி கூகுளின் வழியாக வருபவை மட்டும் தூக்கத்தைக் கலைக்கலாம். என் செயலி பழைய பாணிக்காரன், தானே எழுந்துபோய் பெட்டியைத் திறந்து பார்த்து வருகிறவன். இது போதாதென்று போன் தயாரிக்கிறவர்களும் தங்கள் பங்குக்கு, பயன்படுத்தாத செயலிகளைக் கழுத்தை நெரித்து நிறுத்தும் வேலையைச் சேர்த்துவிடுகிறார்கள். 'இரண்டு நாள் நிற்கும் பேட்டரி' என்று விளம்பரத்தில் பார்க்கும் இரண்டு நாளில் ஒரு பகுதி, இப்படி மெயிலைப் பட்டினி போட்டுச் சேர்த்தது. தலைமாட்டில் போன் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது. நான்தான் கப்பல் வருகிறதே என்று புரண்டுகொண்டிருந்தேன்.

சரிசெய்ய ஒரே ஒரு அமைப்புதான். பேட்டரி பகுதிக்குப் போய் மெயில் செயலிக்கு மட்டும் 'கட்டுப்பாடு இல்லை' என்று வைக்க வேண்டும். கடையில் எந்தப் போனைக் காட்டினாலும் அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று தேடித் திறந்து பார்த்தேன். பையனுக்கு நான் விநோதமாகத் தெரிந்திருப்பேன்.

வேறு என்ன பார்த்தேன் என்று கேட்டால், கேமராவையும் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. ஹேட்ச் மூடியில் விரிசல், நனைந்த சரக்கு, கப்பலின் மிதவைக் கோட்டுக் குறிகள் எல்லாவற்றையும் படம் எடுத்தாக வேண்டும், ஆனால் அதற்கு நிலாவரை போக வேண்டியதில்லை. வார்ஃபில் மத்தியான வெயிலில் திரை தெரிகிறதா என்று கடைக்கு வெளியே தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பில் ஆஃப் லேடிங் பிடிஎஃப்பின் பொடி எழுத்தை விரலால் பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா என்று பார்த்தேன். நாற்பத்தெட்டு வயதில் இது சின்ன விஷயமல்ல. பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை வருடம் வரும் என்று கேட்டேன். பையனுக்குத் தெரியவில்லை, பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை. கூகுள் 2023இல் பிக்சல் எட்டுக்கும், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சாம்சங் தன் எஸ் 24 வரிசைக்கும் ஏழு வருடம் என்று வாக்குக் கொடுத்தன. விலை குறையக் குறைய அந்த ஏழும் குறையும். ரேஷன் அரிசியின் தேதியைப் பார்க்கிறவர்கள்கூட போனுக்கு இந்தத் தேதியைப் பார்ப்பதில்லை. எங்கள் அலுவலகத்தில் புதுப்பிப்பு நின்றுபோன பழைய போனுக்கு மெயில் கதவு திறக்காது என்று விதி வந்துவிட்டது, அதனால் எனக்குக் கேட்கத் தெரிந்தது.

கடைசியில் வாங்கியது நடுத்தர விலையில் ஒன்று. பெயர் இங்கே தேவையில்லை, இந்தக் கட்டுரை அச்சாகும்போது அது கடையிலேயே இருக்காது.

பெட்டியைப் பிரித்து வீட்டில் உட்கார்ந்து அமைத்த இரவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முன்பெல்லாம் மெயிலை போனில் போடுவது என்றால் ஒரு சடங்கு. உள்வரும் சர்வர் பெயர், போர்ட் 993, வெளிச்செல்லும் சர்வர், போர்ட் 587, பாப்பா ஐமேப்பா என்று கேட்கும். பாப் என்றால் தபாலாபீஸில் இருக்கும் கடிதத்தையெல்லாம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது. ஐமேப் என்றால் கடிதம் தபாலாபீஸிலேயே இருக்கும், நாம் எங்கிருந்தும் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் என்பவர் அதை வகுத்தார். இந்த வேற்றுமையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் மெயில் போனில் பாப் போட்டு, 'சர்வரிலிருந்து அழி' என்பதையும் தெரியாமல் தேர்ந்து வைத்திருந்தேன். ஒரு கப்பலின் கேங்வேயில் ஏறும்போது சட்டைப் பையிலிருந்து போன் நழுவி, கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் இருந்த கடலில் விழுந்தது. இரண்டு மாத மெயிலும் அதோடு போயிற்று.

இப்போது இந்தக் கேள்வி எதுவும் இல்லை. முகவரி, கடவுச்சொல், பழைய போனில் முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண், முடிந்தது. (அந்த எண் தரும் செயலியைப் புதுப் போனுக்கு மாற்றிய பிறகே பழையதைத் துடைக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு, முதலில் துடைத்துக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குத் தானே சாவி கேட்டு நின்றவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே மூன்று பேர்.) இரண்டு நிமிட வேலை. நடுவில் ஒரே ஒரு திரை கொஞ்சம் நீளமாக வரும். உங்கள் நிறுவனம் இந்தச் சாதனத்தில் இன்னின்னது செய்யலாம் என்று பட்டியல் போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் படித்ததில்லை.

இன்னொரு நிறுவனத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் ராஜினாமா செய்தார். கடைசி நாள் சாயங்காலம் எல்லோருக்கும் கேக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, அவர் கையிலேயே போன் அணைந்து எழுந்தது. எழுந்தபோது கடையிலிருந்து வந்த நாள் போல வெறுமையாக இருந்தது. போன் அவர் காசில் வாங்கியது. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அதில் இருந்தன. யாரும் வன்மத்தில் செய்யவில்லை. விலகிப் போகிறவரின் கணக்கை மூடும் வழக்கத்தில் யாரோ ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஏற்பாட்டில் மெயிலை மட்டும் தனியாக அழிக்கும் பொத்தான் பெரும்பாலும் இருக்காது, அழித்தால் மொத்தமும் போகும். அதற்கான அனுமதியைச் சில வருடம் முன்பு அவரே, அந்த நீளமான திரையில், கொடுத்திருந்தார்.

இப்படிப்பட்ட சங்கடங்கள் சேர்ந்துதான் 2014இல் வந்த ஆண்ட்ராய்டு ஐந்தாம் பதிப்பில் வேலைக்கென்று ஒரு தனிப் பகுதி வந்தது. அலுவலகச் செயலிகள் ஒரு சின்னக் கைப்பெட்டிச் சின்னத்தோடு தனியாக நிற்கும். அலுவலகத்தின் அதிகாரம் அந்தப் பெட்டிக்குள் மட்டும். அழித்தால் பெட்டியைத்தான் அழிக்கும், சப்பர வீடியோ தப்பிக்கும். பெட்டியை மொத்தமாக அணைத்து வைக்கவும் ஒரு விசை உண்டு. முதன்முதலாக அந்தக் கைப்பெட்டிச் சின்னத்தைப் பார்த்தபோது எனக்குச் சிவப்புத் துணிக் கட்டுதான் தெரிந்தது.

ஆனால் அந்த விசை எனக்குப் பயன்படாது. அணைத்தால் கப்பலும் சேர்ந்து அணைந்துவிடும். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2011இல் ஜெர்மனியில் ஒரு பகுதி ஊழியர்களுக்கு, வேலை முடிந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு பிளாக்பெர்ரிக்கு மெயில் போகாதபடி சர்வரையே நிறுத்தி வைத்தது. 2017 ஜனவரியிலிருந்து பிரான்சில், ஐம்பது பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. இவற்றைப் படிக்கும்போது பொறாமையும் வருகிறது, கார்த் தொழிற்சாலைக்கு ராத்திரி நங்கூரம் போடும் பழக்கம் இல்லை என்ற நினைப்பும் வருகிறது. எங்கள் தொழிலில் இரவை யாரும் ஒழிக்க முடியாது. நான் கேட்பது சிறியது. இரவு இரண்டு மணிக்கு வருவதில் எது உண்மையிலேயே இரண்டு மணிக்கு உரியது என்று யாராவது பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்பாவின் ஆபீஸில் அதற்குத் தபால் பிரிவு என்று ஒன்று இருந்தது. என் போனில் நானே எழுத்தர், நானே பியூன்.

ஆகவே அன்றிரவு உட்கார்ந்து என் பகிர்மானப் பதிவேட்டைப் போட்டேன். வரப்போகும் கப்பல்களின் மெயில் முகவரிகள், துறைமுகக் கட்டுப்பாட்டு அறை, பொருள் வரியில் 'நோட்டீஸ்' என்ற ஆங்கிலச் சொல், இவற்றில் எது இருந்தாலும் தனி லேபிளில் போய் விழும்படி கணினியில் ஒரு வடிகட்டி. ஜிமெயில் செயலியில் அந்த லேபிளுக்கு மட்டும் சத்தம். மற்ற மெயில் அனைத்தும் வரலாம், வாய் திறக்கக் கூடாது, எண் போட்ட சிவப்புப் புள்ளியும் கூடாது. ஐபோன்காரர்கள் இதையே விஐபி பட்டியல் என்ற பெயரில் செய்கிறார்கள். பிரமுகர் என்ற அந்தப் பெயர்தான் பிடிக்கவில்லை, எங்கள் கேப்டன்கள் பாவம். ஒவ்வொரு புதுக் கப்பலுக்கும் முகவரி சேர்க்க வேண்டும், போன கப்பலை நீக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து நிமிட வேலை. அப்பா தன்பதிவேட்டை முடித்துவிட்டுப் பேனாவை மூடுவது மாதிரிதான், எனக்கும் இது பழகிவிட்டது.

முதல் வாரத்தில் பலமுறை கை தானாகவே போனை எடுத்தது. சத்தம் வரவில்லை, வரவேண்டியதும் இல்லை, ஆனாலும் எடுத்துத் திறந்து பார்த்தேன். அதற்கு எந்த அமைப்பிலும் விசை இல்லை. மேலாளரின் கண்ணுக்கும் என் கைக்கும் உறவு இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

சத்தத்தைத் தேர்ந்தெடுத்தது மகள். போனில் இருந்த நாற்பதையும் ஒவ்வொன்றாக அடிக்கவிட்டுக் கேட்டாள். பறவை, நீர்த்துளி, வீணை எல்லாம் தள்ளுபடி. யாரோ மரக் கதவைத் தட்டுவது போல இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு. "இதுதான் கப்பல்" என்றாள். வீட்டில் வேறு எதற்கும் அந்தச் சத்தம் வைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டாள்.

பதினோரு நாள் கழித்து ஒரு இரவு, இரண்டே முக்காலுக்கு, தலைமாட்டில் கதவு தட்டியது. நான் எழுந்து கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி புரண்டு படுத்தாள், கண்ணைத் திறக்கவில்லை.

"எந்தக் கப்பலு?" என்றாள்.

சொன்னேன்.

"கரியா?"

"கரி."

"லைட்டப் போட்டே பாருங்க, பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.